கார்டில் ஏறிய ஆறு ராத்தல்

1. முதல் நாள்

சென்டரில் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னைத்தான் முதலில் தராசில் ஏற்றினார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளை நிறுக்கிற பெரிய தராசு அது. கீழே நிற்கப் பலகை, பக்கத்தில் உயரமான கம்பம், மேலே குறுக்குக் கம்பி, கம்பியில் நகருகிற குண்டு. விசிட்டர் அம்மா குண்டை நகர்த்தி நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினார்.

“எழுபத்தெட்டு ராத்தல். ஏ பிள்ளே, உனக்கு வயசு என்ன?”

“பதினேழும்மா.”

“இங்க வேலைக்கு வந்தியா, கஞ்சி குடிக்க வந்தியா? நாளைக்குக் கல்யாணமாயி நீயும் இந்தப் பலகையில வந்து நிப்பே. அப்பம் சாப்பிட ஆரம்பிச்சாப் பத்தாது பாத்துக்கோ. இப்பமே சாப்பிடணும்.”

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விசிட்டர் அம்மா என்றால் வீடு வீடாகப் போய் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் பார்க்கிற ஹெல்த் விசிட்டர். ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். கன்டோன்மென்ட்டில் சில பெரிய மனிதர்களின் மனைவிமார் கமிட்டி போட்டு மர்பி டவுனில் நடத்திய சென்டருக்கு அவர்தான் பொறுப்பு. ஓடு போட்ட இரண்டு அறை. அவர், மிட்வைஃப் தெரேசம்மா, ஆயாவாக நான், ஆக மூன்று பேர். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அரிசிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் கார்டு வந்துவிட்டது.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் கிளாஸ் வரை படித்தவள். எழுத்து அவ்வளவாக வராது, நம்பர் நன்றாக வரும். அதனால் தராசை என்னிடம் கொடுத்தார்கள். புதன்கிழமை பிள்ளைத்தாய்ச்சிகள், வெள்ளிக்கிழமை குழந்தைகள். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பலகையில் ஏற்றி, கம்பி நேராக நிற்கிறவரை குண்டை நகர்த்தி, நம்பரை உரக்கக் கூப்பிடவேண்டும். அறையின் அந்தக் கோடியில் மேஜைக்குப் பின்னால் விசிட்டர் அம்மா உட்கார்ந்து அவரவர் எடைக் கார்டில் எழுதுவார். நான் கூப்பிடுவதுதான் கார்டில் ஏறும்.

அந்தக் கார்டை வைத்துத்தான் மற்றதெல்லாம். எடை ஏறவில்லையென்றால் இரும்பு மிக்சர் என்கிற மருந்துத் தண்ணீர். அதற்கும் ஏறவில்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரி. ஒழுங்காக ஏறினால் வீட்டிலேயே பிரசவம், தெரேசம்மா போய்ப் பார்ப்பார்.

இப்போது வேறு பேட்டையில் ஒரு சென்டர் திறக்கிறார்கள். தராசுக்கு இரண்டு புதுப் பெண்கள் வருகிறார்கள். “உனக்குத் தெரிஞ்சத எழுதிக் குடு பிள்ளே, அவாளுக்கு ஆகும்” என்றார் விசிட்டர் அம்மா. எழுத்துப் பிழையை அவர் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்தவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2. மீன் எண்ணெய்

எடை பார்த்து முடிந்ததும் ஒவ்வொருத்திக்கும் ஒரு டம்ளர் பால் கலந்த ராகிக் கஞ்சியும் ஒரு கரண்டி மீன் எண்ணெயும் கொடுப்போம். இரண்டையும் எங்கள் கண் முன்னாலேயே குடிக்கவேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். கொண்டுபோனால் கஞ்சி பெரிய பிள்ளைகளுக்குப் போய்விடும், எண்ணெய் விளக்குக்குப் போய்விடும்.

கஞ்சி பிரச்சினையில்லை. எண்ணெயைத்தான் யாரும் விழுங்கமாட்டார்கள். கன்னத்தில் அடக்கிக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, வெளியே போய் பின் சுவரில் துப்பிவிடுவார்கள். அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு எண்ணெய்க் கறை. தெருப் பூனையெல்லாம் அங்கேதான் குடியிருந்தது.

விசிட்டர் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். “விழுங்கினாளான்னு எப்படித் தெரியும்? குடிச்சதும் புருஷன் பேரைக் கேளு. வாயைத் தொறந்து சொல்லட்டும்.”

கேட்டேன். முதல் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாவது பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்துப் பேரிடம் கேட்டேன். ஒருத்தி வாயும் திறக்கவில்லை.

“எல்லாரும் வாயிலயே வச்சிருக்காளுவ!” என்று விசிட்டர் அம்மா எழுந்தே விட்டார்.

தெரேசம்மா சுவரில் சாய்ந்து சிரித்தார். “ஐய, நீங்க ஒண்ணும்மா! எந்தப் பொம்பள புருஷன் பேரு சொல்லுவா? எண்ணெ இல்லாங்காட்டியும் தொறக்காது அந்த வாயி.”

அதற்குப் பிறகு அவரவர் பேரைக் கேட்டோம். ‘கௌரம்மா’ என்று சொல்லப்போய் ஒருத்தி மேஜை முழுக்க எண்ணெயைக் கொட்டினாள்.

சிரிக்கிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அவர்கள் துப்பியதற்குக் காரணம் நாற்றம் மட்டும் இல்லை. வரிசையில் நிற்கும்போது என்னிடம் மெதுவாகச் சொல்வார்கள், “இதெல்லாம் குடிச்சா புள்ள பெருசாயிடும்டி. பெருசானா எப்டி பெத்துக்கறது?” நான் உடனே, “அதெல்லாம் இல்ல, புள்ள பலமா இருக்கும், குடி” என்பேன். விசிட்டர் அம்மா சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன், அவ்வளவுதான். மனசுக்குள் நான் அந்தப் பெண்கள் பக்கம் இருந்தேன். சில பேர் துப்பப் போனதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறேன்.

3. நான் நம்பினது

எங்கள் அம்மா பிரசவத்தில் போனாள். அப்போது எனக்கு எட்டு வயது, அக்கா கன்னியம்மாவுக்குப் பன்னிரண்டு. மூன்றாவது பிள்ளை. இரண்டு நாள் வலி. எங்களை வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். மருத்துவச்சி வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள்.

“புள்ள பெருசு நாயினா. தல வழிக்கே வர்ல. உன் பொண்டாட்டி நல்லா துன்னுட்டா.”

அம்மாவும் போய்விட்டாள், தம்பியும் போய்விட்டான். அம்மாவுக்கு அப்பா வாராவாரம் ஆட்டுக்கால் வாங்கி வந்து கொடுப்பார். அன்றோடு அப்பா கறிக்கடைப் பக்கமே போகவில்லை. நாலு வருஷத்தில் அவரும் காய்ச்சலில் போனார்.

‘நல்லா துன்னுட்டா.’ நானும் அக்காவும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேசவேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு அது எங்களுக்குத் தெரிந்த விஷயமாக இருந்தது.

4. அக்காவின் தட்டு

அக்காவைக் கட்டின முருகேசன் மாமா மில்லில் தறி ஓட்டுகிறவர். கல்யாணத்துக்குப் பிறகு நானும் அக்காவோடு மாமா வீட்டிலேயே இருந்தேன். மாமாவின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நான்கு பேர் வீடு. மாமியார் என்றால் சோறு போடமாட்டார் என்று யாரும் நினைக்கவேண்டாம். அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அத்தை அடுப்பை விட்டு நகரவில்லை. முருங்கைக்கீரை, நெத்திலிக் கருவாடு, ஞாயிற்றுக்கிழமை ஈரல். மாமா ஷிஃப்ட் முடிந்து வரும்போது சட்டைப் பையில் வேர்க்கடலையோ ஒரு கமலாப்பழமோ இருக்கும். எத்தனையோ வீட்டில் இல்லாதது எங்கள் வீட்டில் இருந்தது.

அக்காதான் சாப்பிடவில்லை.

“இன்னாடி இது, கோயி கொத்துற மாரி கொத்திக்கினு கீற? ரெண்டு உசுரு துன்ற சோறா இது?”

“போதும் அத்தே. நெஞ்சக் கரிக்குது.”

“உனுக்கு மூணு மாசமா கரிக்குது. என் கை சமையலு புடிக்கலன்னு சொல்லிட்டுப் போயேன்.”

அத்தை அடுப்புப் பக்கம் திரும்பினதும் அக்கா தன் தட்டில் பாதியை என் தட்டில் தள்ளிவிடுவாள். நான் வாயைத் திறக்காமல் சாப்பிடுவேன். பழமும் கடலையும் அப்படித்தான் எனக்கு வந்தன. சென்டரில் என்னைத் திரும்ப நிறுத்தபோது தொண்ணூற்றிரண்டு ராத்தல். “இப்பம்தான் பாக்க மனுஷியா இருக்கே” என்று விசிட்டர் அம்மா சந்தோஷப்பட்டார்.

நான்காம் மாதத்தில் அக்காவை சென்டருக்கு அழைத்துவந்தது நான்தான். வராவிட்டால் அத்தை சந்தேகப்படுவார் என்பதற்காகத்தான் அவள் வந்தாள். விசிட்டர் அம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். “என்ன இப்படி வெளுத்துக் கெடக்கு?” இரும்பு மிக்சர் கொடுத்தார். அதையும் அக்கா குடிக்கவில்லை. ஆறாம் மாதத்தில் எண்பத்தெட்டு ராத்தல். நான்காம் மாதத்திலும் அதேதான்.

விசிட்டர் அம்மா கார்டைத் தட்டிக்காட்டிச் சொன்னார், “இந்தா பாரு கன்னியம்மா, அடுத்த மாசமும் ஏறலைன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேத்துருவேன். அங்க பாலு, முட்டை, ரொட்டி, ஈரல் ஊசி எல்லாம் குடுப்பாங்க. ஒரு மாசம் படுத்துச் சாப்பிட்டுட்டு வா.”

வேறு யாராக இருந்தாலும் அதைக் கேட்டு சந்தோஷப்பட்டிருப்பார்கள். வீட்டுக்கு நடக்கும்போது அக்கா அல்சூர் ஏரிக்கரையில் நின்றுவிட்டாள்.

“ராஜி, அங்க போட்டா வாயில திணிச்சி ஊட்டுவாங்கடி. அம்மா மாரி ஆயிடும் எனக்கு.”

“அப்டியெல்லாம் ஆவாதுக்கா. விசிட்டர் அம்மா படிச்சவங்க.”

“அவங்க சொல்றது இருக்கட்டும். நீ நம்புறியா? என் தல மேல அடிச்சி சொல்லு.”

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பாத்தியா, நம்பலல்ல? அப்போ ஒண்ணு பண்ணு. அடுத்த வாட்டி நீ கூட்டிக் கூப்டு. ரெண்டோ மூணோ. யாருக்குத் தெரியப்போவுது?”

5. நான் கூப்பிட்ட நம்பர்

ஏழாம் மாதம். அக்கா பலகையில் ஏறினாள். குண்டு எண்பத்தெட்டில் நின்றது. மேஜைக்கு இந்தப் பக்கம் நாற்பது பெண்கள் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் குண்டை மெதுவாக இழுத்துவிட்டு, “தொண்ணூத்தி ஒண்ணு” என்றேன். குரல் எப்போதும் போலத்தான் வந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“ஆங், மிக்சர் வேலை செய்யுது” என்று விசிட்டர் அம்மா எழுதிக்கொண்டார்.

எட்டாம் மாதம் எண்பத்தொன்பது. போன தடவை சொன்னதுக்கு மேலே ஏறவேண்டும் அல்லவா? ஒரு பொய் நம்பர் கூப்பிட்டால் அடுத்ததை அதற்கு மேல்தான் கூப்பிட முடியும். “தொண்ணூத்தி அஞ்சு” என்றேன்.

விசிட்டர் அம்மா பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து அக்காவின் இமையை இழுத்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

“கண்ணு சொல்லுதது ஒண்ணு, தராசு சொல்லுதது ஒண்ணா இருக்கே. சரியாப் பாத்தியா பிள்ளே?”

அக்கா பலகையை விட்டு இறங்கியிருந்தாள். மறுபடி ஏறச் சொல்லியிருந்தால் அன்றே எல்லாம் தெரிந்திருக்கும். அடுத்த பெண் அதற்குள் பலகையில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

“பாத்தேம்மா” என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்து எழுதினார். தொண்ணூற்றைந்து. வீட்டில் பிரசவம்.

“உங்கக்கா கார்டுதான் ராஜி, கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டு” என்று தெரேசம்மா என் முதுகில் தட்டினார்.

அன்று வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அக்கா சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். இதை மறைத்து எழுதினால் மற்றதை எழுதிப் பிரயோஜனமில்லை.

6. சுலபமான பிரசவம்

ஒரு திங்கட்கிழமை காலை வலி எடுத்தது. தெரேசம்மா வந்து, தண்ணீர் காய்ச்சி, கை கழுவி, எல்லாம் முறைப்படி செய்தார். மத்தியானச் சங்கு ஊதுவதற்கு முன் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. தலைச்சன் பிரசவம் இத்தனை சீக்கிரம் முடிந்து தான் பார்த்ததில்லை என்றார் தெரேசம்மா.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். “பாத்தியாடி? எவ்ளோ சுலபமா வந்துடிச்சி. அம்மாவுக்கு யாராச்சும் அப்போ சொல்லியிருந்தா…” முகமெல்லாம் சிரிப்பு. பயப்படாமல் அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

குழந்தையைத் துணியில் கட்டிக் கைத்தராசில் நிறுத்தார்கள். நான்கு ராத்தலுக்குக் கால் குறைவு. அதன் தொடை என் பெருவிரல் தடிமன் இருந்தது.

அதற்குப் பிறகு ரத்தம் போக ஆரம்பித்தது. நிறைய இல்லை. தெரேசம்மா அடிவயிற்றை அழுத்திப் பிடித்தார், மருந்து கொடுத்தார், கட்டிலின் கால் பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தினார். ரத்தம் நின்றும்விட்டது. நின்ற பிறகும் அக்காவின் உதடு வெளுத்துக்கொண்டே போனது. மாமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜட்கா வண்டி பிடிக்க ஓடினார்.

“குளுருதுடி ராஜி” என்றாள். இரண்டு கம்பளி போர்த்தினோம். வெளியே நல்ல வெயில்.

ஜட்கா வாசலில் வந்து நிற்கும்போது அக்கா இல்லை.

தெரேசம்மா தரையில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து அக்காவின் கார்டை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இவ்ளோதானே போச்சி. இதுக்கு மேல போயி எந்திரிச்சி சோறாக்கினவளுங்கள நான் பாத்துக்கீறேனே. கார்டு நல்லா இருக்குதே…”

அத்தை வாசலில் மண்ணில் புரண்டு அழுதார். “என் கையால ஒரு வேள வயிறார துன்னலயே… என் கையி ஆவலயே அவளுக்கு…”

7. தெரேசம்மா கேட்டது

கமிட்டியில் பேச்சு வந்தது. கார்டில் எடை ஒழுங்காக ஏறியிருக்கிறது, பிரசவமும் சுலபம், பிறகு எப்படிச் சாவு? மிட்வைஃப் ஏதோ தப்புச் செய்திருக்கவேண்டும். விசாரணை முடிகிறவரை தெரேசம்மா வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். எனக்கு எல்லாம் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். சொன்னால் வேலை போகும் என்ற பயம் இருந்தது. மாமா முகத்தில் எப்படி விழிப்பது என்பது அதைவிடப் பெரிய பயம்.

ஒரு நாள் தெரேசம்மா தன் பிரசவப் பையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். இருபது வருஷம் தூக்கின பை. கத்தரிக்கோல், கிண்ணம், தராசு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ கூடத்தானே நின்ன ராஜி. உன் கண்ணு முன்னாடிதானே எல்லாம் பண்ணேன். நான் இன்னா தப்பு பண்ணேன், நீயாச்சும் சொல்லு. படுத்தா தூக்கம் வர்ல எனக்கு.”

அவர் வேறு யாரையும் குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் போய்விட்டார்.

அடுத்த நாள்தான் விசிட்டர் அம்மாவிடம் போனேன். அவர் கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். “அக்காவுக்கு நான் கூப்ட்ட நம்பர் பொய்யிம்மா” என்றேன்.

கை நின்றுவிட்டது. “நெசமா எவ்வளவு?”

“எண்பத்தொம்பது.”

கார்டைத் தேடி எடுத்துப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஏன்?” என்று மட்டும் கேட்டார். அம்மா கதையைச் சொன்னேன். மருத்துவச்சி சொன்னதை அப்படியே சொன்னேன்.

“உங்கம்மா ஆளு எப்படி? நெட்டையா, குட்டையா?”

“ரொம்பக் குட்டம்மா. எனக்கு எட்டு வயசிலேயே அவங்க தோளுக்கு வந்துட்டேன்.”

“நடந்தா ரெண்டு பக்கமும் சாஞ்சு சாஞ்சு நடப்பாளா?”

அவர் எங்கள் அம்மாவைப் பார்த்ததே இல்லை. “ஆமாம்மா. ஊரே வாத்துன்னு கிண்டல் பண்ணும்.”

விசிட்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“நான் பாக்காம முடிவா ஒண்ணும் சொல்லக்கூடாது. ஆனா கேளு பிள்ளே. சின்ன வயசுல சரியா சோறும் பாலும் இல்லாத பிள்ளைக்கு எலும்பு வளராது. கால் வளையும், இடுப்பு எலும்பு குறுகிப்போவும். அந்த எலும்புக்குள்ளதான் பிள்ளை வரணும். அதுல சாதாரணப் பிள்ளையும் வராது. உங்கம்மா நிறைய சாப்பிட்டதுனால சாவல. சாப்பிட வேண்டிய வயசுல அவளுக்குக் கெடைக்கல, அதான். கன்னியம்மா இடுப்பை நானே அளந்தேன். ஒரு குறையும் இல்ல. ஏழு ராத்தல் பிள்ளையும் பெத்துருப்பா. சாப்பிடாம ஒடம்புல ரத்தம் இல்ல, அதான் கொஞ்சம் போனதையே தாங்கல.”

கார்டை என் பக்கம் தள்ளினார்.

“மூணு வருஷமா எம் பக்கத்துல நிக்கே. ஒரு நாள் இதை எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நானும்தான் கேக்கல. சாப்பிடு சாப்பிடுன்னே சொல்லிட்டிருந்தேன். ஏன் சாப்பிட மாட்டேங்கன்னு உங்கக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்கல” என்றார்.

அன்றே கமிட்டிக்கு எழுதினார். தெரேசம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார், மன்னிப்புக் கேட்டேன், காது கொடுத்துக் கேட்டார். இன்றுவரை என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. அது நியாயம்தான்.

என்னை நீக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “உன்னை அனுப்பிட்டா இன்னொருத்தி வருவா. அவளும் இதையே நம்பிக்கிட்டு வருவா. உனக்காவது இப்பம் தெரியும்” என்றார் விசிட்டர் அம்மா. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு எடைக்கும் அவரே எழுந்து வந்து கம்பியைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் எழுதுகிறார். புதன்கிழமை நாற்பது தடவை எழுந்து வருகிறார். அவருக்கு முட்டி வலி.

8. அத்தை சொன்னது

குழந்தை பிழைத்தது. பஞ்சுத் திரியில் நனைத்துப் பால் விட்டோம், பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் நாலு மாதம் பால் கொடுத்தாள். மற்றக் குழந்தைகள் உட்காருகிற வயதில் இதற்குத் தலை நின்றது. அவை நடக்கிற வயதில் இது உட்கார்ந்தது. ஒன்றரை வயது ஆகிறது, இப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கிறது. “வயித்துல கெடைக்காததை வெளிய குடுத்துப் பாப்போம். எல்லாம் திரும்ப வருமான்னு என்னால சொல்ல முடியாது” என்கிறார் விசிட்டர் அம்மா.

அத்தையிடம் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அவர் அக்கம்பக்கத்தில், தன் சமையல் மருமகளுக்கு ஆகவில்லை, அதனால்தான் போய்விட்டாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காலையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் வெந்நீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“அத்தே, உங்க சமையல்ல ஒரு குத்தமும் இல்ல” என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். தட்டை, மிக்சரை, தராசை, ஆறு ராத்தலை.

அவர் குளிப்பாட்டுவதை நிறுத்தவில்லை. குழந்தையின் முகத்தில் தண்ணீர் விழாமல் புருவத்துக்கு மேல் கையை வைத்து மறைத்து ஊற்றினார். துவட்டினார். சாம்பிராணி காட்டினார். பிறகுதான் பேசினார்.

“எட்டாம் மாசம் ஒரு நாளு அடுப்பாண்ட வந்து நின்னாடி அவ. நீ வேலைக்குப் பூட்ட. நெத்திலிக் கொயம்பு கொதிக்குது. ‘அத்தே, பசிக்குது’ன்னா. எனுக்கு கை காலு ஓடல, இந்தா இருடி பொண்ணேன்னு தட்டு எடுக்கப் போனேன். திரும்பிப் பாத்தா அவ வாசப்படியாண்ட பூட்டா. ‘இல்லத்தே, சும்மா சொன்னேன்’னா. நானும் கோவத்துல உட்டுட்டேன். இயுத்து உக்கார வெச்சி ஊட்டியிருக்கணும்.”

அவர் என்னைத் திட்டவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமாவிடம் அவர்தான் சொன்னார். நான் போட்ட சோற்றை ஒரு வாரம் மாமா சாப்பிடவில்லை.

அக்காவுக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். பசி என்று தெரியாது. பயம் இருந்தால் பசி இருக்காது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. ஒன்பது மாதம் என் பக்கத்தில் படுத்திருந்தவள் பசியோடு படுத்திருந்தாள். அதை என்னிடம் சொல்ல அவளால் முடியவில்லை. சொன்னால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். ‘பொறுத்துக்கோ அக்கா’ என்றுதான் சொல்லியிருப்பேன்.

புதிதாக வருகிற பெண்களே, நம்பரைச் சரியாகக் கூப்பிடுங்கள். அதை எல்லோரும் உங்களுக்குச் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. எடை ஏறாமல் ஒருத்தி வந்தால் உடனே சாப்பிடு என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் வீட்டில் பிரசவத்தில் யாராவது போனார்களா, என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அவள் சொல்லுகிறது உங்களுக்கே சரி என்று பட்டால், வாயை மூடிக்கொள்ளாமல் விசிட்டர் அம்மாவிடம் போய் அதைக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். எனக்குப் பதில் சொல்ல அவருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் கேட்கப் போனபோது அக்காவைப் புதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.